பட்டை வண்டின் அழைப்பும் அதை மோப்பம் பிடிக்கும் எதிரிகளும்

ஐரோப்பாவின் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களைக் காயவைக்கும் எட்டுப்பல் பட்டை வண்டு அரை சென்டிமீட்டர் நீளம்தான். 2018 வறட்சிக்குப் பிறகு ஜெர்மனியிலும் செக் குடியரசிலும் மலைச்சரிவு மலைச்சரிவாகக் காடுகள் பட்டுப்போனதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால் தனி வண்டால் நல்ல மரத்தை ஒன்றும் செய்ய முடியாது. துளைத்த இடத்தில் சுரக்கும் பிசின் அதை மூழ்கடித்துவிடும். கூட்டம் சேர்ந்தால்தான் மரம் சாயும். கூட்டத்தைக் கூட்டும் வாசனைக்கு மூலப்பொருள் அந்தப் பிசினிலேயே இருக்கிறது.

முதலில் துளைப்பது ஆண் வண்டு. பிசினிலுள்ள ஆல்ஃபா-பைனீன் என்ற வேதிப்பொருள் அதற்கு நஞ்சு. வண்டின் உடலுக்குள் அதோடு ஆக்சிஜன் சேர்ந்து சிஸ்-வெர்பெனால் என்ற வாசனைப்பொருள் ஆகிறது. வண்டே தயாரிக்கும் மெத்தில்பியூட்டினால் என்ற பொருளும் கலந்தால் அழைப்பு முழுமையாகிவிடும். ஆணும் பெண்ணும் பறந்து வரும். பட்டைக்குள் நெரிசல் கூடும்போது நுண்ணுயிர்கள் வெர்பெனாலை வெர்பெனோனாக மாற்றுகின்றன. அந்த வாசனை பட்டதும் புதிதாக வரும் வண்டுகள் விலகிப் பக்கத்து மரத்தைத் தேடும்.

நீலகிரித் தைலத்தில் மூக்கைத் துளைக்கும் சினியோல் ஸ்ப்ரூஸ் பட்டையிலும் கொஞ்சம் உண்டு. தாக்குதலை எதிர்த்து நிற்கும் மரங்களில் அது கூடுதலாக வரும். வண்டின் உணர்கொம்பில், கண்ணுக்குத் தெரியாத ஒரே நுண்மயிருக்குள், சினியோலை உணரும் நரம்பணுவும் சிஸ்-வெர்பெனாலை உணரும் நரம்பணுவும் அருகருகே இருக்கின்றன. சினியோல் பலமாக வீசினால் முதலாவது துடிக்கும், இரண்டாவது அடங்கிவிடும். அழைப்பு காற்றில் இருந்தும் வண்டுக்கு எட்டாது. பூச்சிகளின் வாசனை உலகில் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு அரிது.

அதே அழைப்பை எறும்பு வண்டும் மோப்பம் பிடிக்கிறது. செந்நிறமும் கறுப்பும் வெள்ளைக் கோடுகளும் கொண்ட இந்த வேட்டையாடி, தாக்குதல் தொடங்கிய உடனேயே வந்து, பட்டைமேல் இறங்கும் வண்டுகளைப் பிடித்துக் கடித்துத் தின்னும். பட்டை இடுக்குகளில் முட்டையிடும். அதன் புழுக்கள் சுரங்கங்களுக்குள் புகுந்து பட்டை வண்டுப் புழுக்களைத் தின்னும். பலவகைப் பட்டை வண்டுகளை வேட்டையாடுவதால், பைன் மரத்து வண்டுகளின் அழைப்பு வாசனையான இப்ஸ்டைஈனால் என்ற பொருளும் அதற்குத் தெரியும். பட்டை வண்டுப் புழுக்களின்மேல் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு வளர்ந்த புழு வேண்டும். ஆகவே அவை பின்னால் வரும். அழைப்பைவிட, தாக்குண்ட பட்டையிலிருந்து கிளம்பும் கற்பூரம் போன்ற வாசனைகளே அவற்றை ஈர்க்கின்றன.

வண்டின் அழைப்பு வாசனையைத் தூண்டிலாக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும். 16.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வண்டு பறப்பதில்லை; வசந்தத்தில் அந்த வெப்பம் வருமுன் பொறி தொங்க வேண்டும். உயிருள்ள ஸ்ப்ரூஸிலிருந்து 10 முதல் 15 மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். நெருங்கினால் வந்த வண்டுகள் பொறியை விட்டு மரத்தைத் துளைக்கும். சேகரிப்புப் பெட்டியை வாராவாரம் திறந்து எறும்பு வண்டுகளை வெளியே விட வேண்டும். விட்டுவைத்தால் அவை உள்ளே சிக்கியவற்றைத் தின்று தீர்க்கும். எண்ணிக்கையும் தவறும், காட்டுக்கு உதவும் வேட்டையாடிகளும் வீணாகச் சாகும்.