கோவிந்தா, கோபாலா என்று சொல்ல முடிகிற வேகம்: முதல் ஓட்டப் பந்தயத்துக்குத் தயாராகிறவர்களுக்கு

நாகர்கோவிலில் நான் இயன்முறை சிகிச்சை அளிக்கத் தொடங்கிய காலத்தில் என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் மூட்டு தேய்ந்த முதியவர்களும், ரப்பர் தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டவர்களும்தான். சில ஆண்டுகளாக வேறொரு கூட்டமும் வருகிறது. முப்பத்தைந்து வயதிலிருந்து ஐம்பது வயது வரை இருக்கும் இவர்களை மருத்துவர் நடக்கச் சொல்லியிருப்பார், நண்பர் ஓடக் கூப்பிட்டிருப்பார், ஐந்து அல்லது பத்து கிலோமீட்டர் பந்தயம் ஒன்றுக்குப் பணமும் கட்டியிருப்பார்கள். கணுக்கால் வலி, முழங்கால் வலி என்று சொல்லித்தான் உள்ளே வருவார்கள். சிகிச்சை முடிந்து எழுந்திருக்கும்போது, "சாரே, இப்ப காலைல எழும்ப மனசே வரல்ல, எனக்கு இது சரிப்படாதுண்ணு தோணுது" என்று தயங்கிச் சொல்வார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது எனக்குப் புரிவதற்குச் சில ஆண்டுகள் ஆயின.

மனம் வரவில்லை என்று சொல்பவரிடம் நான் கேட்பது ஒரே கேள்விதான்: ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? பெரும்பாலும் கிடைக்கும் பதில் முடியவில்லை என்பதே. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓடியதோடு ஓட்டத்தை விட்டவருக்கு, இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் ஓடத் தொடங்கும்போது நினைவில் இருப்பது அந்த ஒரு வேகம் மட்டும்தான். அந்த வேகத்தில் புறப்பட்டால் இரண்டு நிமிடத்தில் மூச்சு முட்டும், விலாவில் குத்தும், கால் கனக்கும். அப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு இருபது நிமிடம் ஓடி முடித்தால் வீட்டுக்கு வரும்போது பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இருபது நிமிடத்தையும் உடல் ஒரு தண்டனையாகவே குறித்து வைத்துக்கொள்கிறது. மறுநாள் ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும்போது அந்தக் குறிப்புதான் முதலில் எழுந்து வரும். அதைச் சோம்பல் என்றும் மன உறுதி இல்லாமை என்றும் தம்மையே குறை சொல்லிக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அவர்கள் திருத்த வேண்டியது குணத்தை அல்ல, வேகத்தை மட்டுமே.

இதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் சிவாலய ஓட்டத்தில் பக்தர்கள் திருமலையில் தொடங்கி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று ஒவ்வொரு கோயிலாகக் கும்பிட்டுப் பன்னிரண்டாவதாகத் திருநட்டாலத்தில் முடிக்கிறார்கள். பாதையின் நீளம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். இப்போது வாகனங்களில் போகிறவர்களும் உண்டு என்றாலும், காவி கட்டி, கையில் விசிறியோடு கால்நடையாகவே முழுப் பாதையையும் கடப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் எந்தப் பந்தயத்திலும் ஓடியிராதவர்கள். அவர்களைத் தாங்கி நிற்பது பக்திதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த பக்தி நடக்கும் முறையைத்தான் தொழில் கண்ணோடு நான் கவனித்தேன். வழிநெடுக அவர்கள் "கோவிந்தா... கோபாலா..." என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். மூச்சு முட்டும் வேகத்தில் போகிறவரால் அப்படிக் குரல் எழுப்ப முடியாது. குரல் எழும்பும் வரையில் வேகம் சரியாக இருக்கிறது, குரல் அடைத்தால் கால் தானே மெதுவாகிறது. உடற்பயிற்சித் துறையில் பேச்சுச் சோதனை என்று நாங்கள் சொல்லிக்கொடுப்பதும் இதையேதான். இன்னொன்று, திருமலையை விட்டுக் கிளம்பியவர் நூறு கிலோமீட்டரை நினைத்துக்கொண்டு ஓடுவதில்லை, திக்குறிச்சியை நினைத்துக்கொண்டே ஓடுகிறார். அங்கே குளித்துக் கும்பிட்ட பிறகுதான் அடுத்த கோயில்.

ஆகவே புதிதாக ஓட வருபவருக்கு நான் எழுதிக் கொடுப்பது மிக எளிய ஏற்பாடு. வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. முதல் ஐந்து நிமிடம் கைவீசி நடக்க வேண்டும். பிறகு ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று ஏழெட்டு முறை மாற்றிச் செய்து, மறுபடி நடந்து முடிக்க வேண்டும். ஓடும் அந்த ஒரு நிமிடத்திலும் வேகமாக நடப்பவர் உங்களைத் தாண்டிப் போகும் அளவுக்குப் பையப் போகலாம். (நம் ஊர்ப் பேச்சில் இருக்கும் இந்தப் 'பைய' என்ற சொல்லுக்கு இணையாகப் பயிற்சி ஏடுகளில் ஒரு சொல்லை நான் பார்த்ததில்லை.) ஒரு வாரம் எளிதாக முடிந்தால் மட்டும் அடுத்த வாரம் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி, நடையைக் கொஞ்சம் குறைக்கலாம். இப்படிப் போனால் இரண்டு மூன்று மாதங்களில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடும் நிலை பெரும்பாலோருக்கு வந்துவிடுகிறது. வாரத்துக்குத் தூரத்தைப் பத்து சதவீதம் கூட்டலாம் என்ற கணக்கு ஓட்டக்காரர்களிடையே பரவலாக இருக்கிறது. அதை நான் வழிகாட்டும் கயிறாக எடுத்துக்கொள்வேனே தவிர விதியாக எடுத்துக்கொள்வதில்லை. மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து வைக்கும் முதல் அடியில் வலி இருக்கிறதா என்பதே எனக்கு அதைவிட நம்பகமான அளவு.

மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரையுள்ள காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் ஓட்டத்தைக் கைவிடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வாரங்களில்தான் கைவிடுகிறார்கள், அதற்கு உடலுக்குள் ஒரு காரணமும் இருக்கிறது. இதயமும் நுரையீரலும் தசையும் பயிற்சிக்கு விரைவாகப் பழகிவிடுகின்றன, சில வாரங்களிலேயே மூச்சு சீராகிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும், எலும்பும் அப்படியல்ல. புதிய சுமை விழும்போது எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு அதன் பிறகுதான் புதியதைக் கட்டுகிறது, இந்தச் சுற்று ஒன்று முடிவதற்கு மூன்று நான்கு மாதங்கள் ஆகும். மூச்சு இனி போகலாம் என்று சொல்லும் நேரத்தில் எலும்பு இன்னும் பாதி வேலையில் நிற்கிறது. மூச்சை நம்பித் தூரத்தைச் சட்டென்று கூட்டுபவருக்கு முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பின் உள்விளிம்பை ஒட்டி நீளவாக்கில் ஒரு வலி வரும். அந்த வலியோடு ஓடுவது சலிப்பாகும், சலிப்பு வெறுப்பாகும், பிறகு ஒரு மழை நாளைச் சாக்காக வைத்து ஓட்டம் நின்றுபோகும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது மனம் தளர்ந்த கதையாகத் தெரியும்.

அந்த வலி கையகல நீளத்துக்குப் பரவலாக இருந்து, ஓடத் தொடங்கிய பின் குறைந்தால், சில நாட்கள் ஓட்டத்தைக் குறைத்து நடையைக் கூட்டினால் போதும். ஒரே புள்ளியில் விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலியாக இருந்து, ஓடும்போது கூடி, படுத்திருக்கும்போதும் விடாமல் இருந்தால், எலும்பில் கீறல் விழத் தொடங்கியிருக்கலாம். அப்போது ஓட்டத்தை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலிநிவாரணி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.

கடற்கரை மணலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சங்குத்துறையும் சொத்தவிளையும் பக்கத்தில் இருக்கும் நமக்கு, மணலில் ஓடினால் காலுக்கு மெத்தென்று இருக்கும் என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. உலர்ந்த மணலில் குதிகால் புதைவதால் கெண்டைத் தசையும் குதிகால் நாணும் ஒவ்வோர் அடிக்கும் கூடுதலாக இழுபடுகின்றன. அலை நனைத்த மணல் இறுகியிருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருக்கிறது; ஒரே திசையில் ஓடும்போது ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே விழுந்து இடுப்பும் முழங்காலும் சாய்கின்றன. பழகியவர்களுக்கு மணல் நல்ல பயிற்சிதான். முதல் மூன்று மாதங்களுக்கு மண்பாதையும் சானல் (பாசனக் கால்வாய்) கரையும் விளையாட்டரங்கமும் போதுமானவை. மேற்குப் பகுதியில், கல்குளம், விளவங்கோடு பக்கம் இருப்பவர்களுக்குச் சமதளச் சாலை கிடைப்பது கடினம் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் மேட்டில் நடந்து ஏறி, சமதளத்தில் மட்டும் ஓடலாம், அதில் குறைவாக நினைக்க ஒன்றும் இல்லை.

வானிலையும் இங்கே மனத்தைச் சோதிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் விடியற்காலையில் வெயில் இல்லாவிட்டாலும் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை, உடல் சூடு தணிவதில்லை. அதே தூரத்துக்கு டிசம்பரில் ஆனதைவிட அதிக நேரம் ஆகும். அதைப் பார்த்து நான் பின்னால் போகிறேன் என்று முடிவு செய்துவிடக் கூடாது. சூட்டுக்கு உடல் பழகுவதற்கு மட்டும் ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். தென்மேற்குப் பருவக்காலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் ஓடுகிறவர்கள் போகும்போது காற்றுக்கு எதிராக மேற்கு நோக்கிப் போய், திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கி வந்தால் களைத்த நேரத்தில் துணையாக இருக்கும். ஜூனில் தொடங்கும் அந்த மழையும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கு மழையும் நமக்கு உண்டு என்பதால் எந்தப் பயிற்சி அட்டவணையும் இங்கே அப்படியே நடக்காது. மழை நாளில் வீட்டுப் படியில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை ஏற்றி இறக்குவதும், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதும் கால் மணி நேரம் செய்தால் அந்த நாள் வீண்போகாது.

நாள் தவறுவதைப் பற்றிய அச்சம் தேவையற்றது. இருபத்தொரு நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று பலரும் சொல்லக் கேட்டு, இருபத்திரண்டாம் நாளும் எழும்பக் கடினமாக இருக்கிறதே என்று கலங்கி வந்தவர்கள் உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010-இல் அச்சில் வெளிவந்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறப் பொதுவாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் தெளிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எழும்ப வேண்டுமா என்று காலை ஐந்து மணிக்கு யோசிக்க விட்டால் யாருக்கும் படுக்கைதான் ஜெயிக்கும். யோசனையை முந்தைய நாள் இரவே முடித்துவிட வேண்டும்: உடுப்பும் காலணியும் கதவோரம், புறப்படும் நேரம் குறித்தபடி, தெருமுனையில் காத்திருக்க ஒருவர். ஞாயிறு காலை ஆலயத்துக்குப் போகும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் மிகுதி, அவர்களுக்கு வாரத்தின் நீண்ட ஓட்டம் சனிக்கிழமையில்தான் நிலைக்கும். பெண்களுக்கு இருட்டும் தெருநாயும் அக்கம்பக்கத்துக் கேள்வியும் சேர்ந்தே தடையாகின்றன. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த நாற்பத்திரண்டு வயது ஆசிரியை ஒருவர், "என்னத்துக்கு டீச்சரே இந்த வயசுல ஓடுறிய?" என்ற ஒரு கேள்விக்காகவே மூன்று வாரம் நிறுத்தியிருந்தார். அவரோடு வேலைபார்க்கும் இரண்டு பேர் சேர்ந்த பிறகு, பள்ளி முடிந்ததும் பள்ளி மைதானத்திலேயே மூவரும் சுற்றத் தொடங்கினார்கள். தெருவின் கேள்வி அங்கே வரவில்லை.

உணவில் பெரிய மாற்றம் வேண்டியதில்லை. அரை மணி நேர ஓட்டத்துக்கு முன் ஒரு மட்டி வாழைப்பழம் தாராளம், முடித்த பின் வீட்டில் இருக்கும் பயறும் கஞ்சியும் நல்லவை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஒரு மணி நேரத்துக்கு மேல் வியர்த்தவர்கள் உப்புப் போட்ட மோரோ கஞ்சித் தண்ணீரோ சேர்த்துக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் இந்த உப்பைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். நாற்பது வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தவர்களும் ஓடத் தொடங்கும் முன் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்வதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ இடது கையிலும் தாடையிலும் பரவும் வலியோ கண் இருட்டலோ வந்தால், அன்றைக்கு ஊக்கம் என்ற பேச்சே இல்லை: நின்றுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பந்தயத்துக்கு முந்தைய வாரம் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். அந்த வாரத்தில் புதிதாக ஓடிச் சேர்ப்பதால் எந்தப் பயனும் இல்லை, களைப்புதான் மிஞ்சும். புதுக் காலணியை அன்று முதல்முறையாகப் போடக் கூடாது. எண் அட்டையைக் குத்திக்கொண்டு கூட்டத்தோடு நிற்கும்போது நெஞ்சு படபடக்கும், மேளம் அடிப்பார்கள், கொடி அசைந்ததும் எல்லாரும் பாய்வார்கள், மூன்று மாதம் பழகிய வேகம் முதல் இருநூறு மீட்டரில் மறந்துபோகும். அந்த நேரத்தில் வெட்கப்படாமல் "கோவிந்தா, கோபாலா" என்றோ, உங்கள் வழக்கப்படி ஒரு செபமோ துவாவோ வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் இடது ஓரமாக ஒதுங்கி, சொல்ல முடியும் வரை நடங்கள். முடித்துவிட்டு ஒரு வாரம் நடை மட்டும் போதும். அடுத்த பந்தயத்துக்குப் பணம் கட்டுவதை அந்த வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள்.