செயினுக்கு ஏன் அந்த இரண்டு விரல் தளர்வு?

சேலத்து வாசகர் ஒருவரின் கேள்வி: "பைக் செயின் தொளதொளவென்று ஆடுகிறதே என்று நன்றாக இழுத்து டைட் வைத்தேன். இருவராக ஏற்காடு ஏறும்போது பின்பக்கம் முனகல் சத்தம். மெக்கானிக்கோ அதைத் திரும்ப லூஸ் பண்ணிவிட்டு, இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறார். ஏன்?"

மெக்கானிக் சொன்னது சரி. ஆனால் காரணம் பட்டறையிலும் அபூர்வமாகவே விளக்கப்படுகிறது. அதில் பத்தாம் வகுப்பு வடிவியலும் கொஞ்சம் ஆச்சரியமும் இருக்கின்றன.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். இன்று நாம் ஓட்டும் உருளைச் செயினின் வடிவத்துக்கு 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்ற பொறியாளர் காப்புரிமை பெற்றார். நம் 100–150 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 428 வகைதான். அந்த 4 என்பது ஒரு கண்ணியின் நீளம், அதாவது எட்டில் நான்கு அங்குலம், 12.7 மி.மீ. 118 கண்ணி உள்ள செயின் என்றால் மொத்தம் ஒன்றரை மீட்டர்.

இனி விஷயத்துக்கு. வண்டியைப் பக்கவாட்டில் பார்த்து மூன்று புள்ளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் சின்ன ஸ்ப்ராக்கெட்டின் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) மையம் ஒன்று. அதற்குச் சற்றுப் பின்னால், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் கீல்போல் ஆடும் போல்ட் இன்னொன்று. பின்சக்கர ஆக்ஸில், அதாவது அச்சு, மூன்றாவது. சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது அது இரண்டாவது புள்ளியைச் சுற்றி ஆடுகிறது. செயினோ முதல் புள்ளியிலிருந்து கிளம்புகிறது. இரண்டும் ஒரே இடத்தில் இல்லாததால், சக்கரம் ஆட ஆட ஸ்ப்ராக்கெட்டுக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும்.

எப்போது அந்தத் தூரம் அதிகபட்சம்? மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் வரும்போது. முக்கோணத்தின் இரு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாம் பக்கத்தைவிடப் பெரியது என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். ஆள் ஏறாத வண்டியில் ஸ்விங் ஆர்ம் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து நிற்கும். ஆள் ஏறினால், பள்ளத்தில் இறங்கினால், அது நேர்கோட்டை நோக்கி நிமிர்கிறது. செயின் இறுகுகிறது. இருவரை வண்டியில் உட்காரச் சொல்லி, கீழ்ச்செயினை விரலால் தள்ளிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

எண்ணாகப் பார்ப்போம். ஸ்ப்ராக்கெட்டிலிருந்து கீலுக்கு 75 மி.மீ., கீலிலிருந்து ஆக்ஸிலுக்கு 480 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டில் மொத்தம் 555. ஆர்ம் 6 பாகை தாழ்ந்திருந்தால் 554.64. குறைவு வெறும் 0.36 மி.மீ.! செயினுக்கு மேல், கீழ் என இரு ஓட்டங்கள் இருப்பதால் சுமார் 0.7 மி.மீ. நீளம் கையிருப்பில் வேண்டும். அவ்வளவுதான் தேவை.

இந்த 0.7-க்காகவா கீழ்ச்செயினின் நடுவில் மேலும் கீழுமாக 25–30 மி.மீ. ஆட்டம், அதாவது அந்த இரண்டு விரல் தளர்வு? ஆம். இங்கேதான் வர்க்கமூலம் விளையாடுகிறது. நேராக இழுத்த கயிற்றின் நடுவில் அரை அங்குலம் தள்ளுவதற்கு எவ்வளவு கூடுதல் கயிறு தேவை? பாதி நீளம் 280 மி.மீ., தள்ளல் 12.5 மி.மீ. பிதாகரஸ் கணக்குப்படி கர்ணம் 280.28. இரு பாதிக்கும் சேர்த்து 0.56 மி.மீ. மேலே 12.5, கீழே 12.5 என மொத்தம் 25 மி.மீ. ஆட்டம் அரை மில்லிமீட்டர் உபரியில் கிடைத்துவிடுகிறது. 0.7 என்றால் 28 மி.மீ. தயாரிப்பாளர் புத்தகத்தில் போட்ட எண் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னதல்ல.

இந்த வர்க்கமூலம் தெரியாததால்தான் பெரும்பாலோர் அளவுக்கு மீறி இறுக்குகிறார்கள். ஆக்ஸிலை 1 மி.மீ. பின்னுக்கு நகர்த்தினால் செயினில் 2 மி.மீ. உபரி போய்விடும். 50 மி.மீ. ஆட்டத்தை 25-க்குக் கொண்டுவர ஆக்ஸில் 0.84 மி.மீ. நகர்ந்தால் போதும். அந்த 25 முழுவதும் காணாமல் போக இன்னும் 0.28 மி.மீ. தான். அட்ஜஸ்டரில் 6 மி.மீ. மரை இருந்தால் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். அதாவது கடைசிக் கால் சுற்றில் எல்லாம் முடிந்துவிடும். 'இன்னும் ஒரு சுற்று இருக்கட்டும்' என்பவர் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பேரிங்கை இழுத்துக்கொண்டிருக்கிறார்.

இழுக்கும் விசையும் சாதாரணமல்ல. மடங்கிய முழங்கால் கிட்டத்தட்ட நிமிர்ந்தபின், கடைசி நிமிர்வில் காலுக்கு எவ்வளவு பலம்! ஸ்விங் ஆர்மும் அப்படியே. நேர்கோட்டை நெருங்கும்போது சிறு சுமையும் பெரிய இழுப்பாகப் பெருகும். இருவர் எடை, பள்ளம், தளர்வில்லாத செயின் மூன்றும் சேர்ந்தால் பேரிங் முனகும், ஆயில் சீல் கசியும், செயின் பின்கள் விரைவில் தேயும். வாசகர் கேட்ட சத்தத்துக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். 'டைட்டாக இருந்தால் பிக்கப் வரும்' என்பது டூவீலர் உலகின் மூடநம்பிக்கை. பூஜையன்று சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைப்பதாவது வண்டியைக் கெடுக்காது.

அதிகத் தளர்வும் ஆபத்துதான். முறுக்கும்போது மேல் ஓட்டம் இறுகும். ஆக்ஸிலரேட்டரை விட்டால் எஞ்சின் பிரேக்கிங்கில் கீழ் ஓட்டம் இறுகி, மேலே தொய்வு சேரும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் விட்டு, முறுக்கி, விட்டு என இந்தத் தொய்வு மேலும் கீழும் தாவுகிறது. தொள செயின் ஒவ்வொரு தாவலிலும் பல்லை அறையும், செயின் கவரில் கடகடக்கும். இறங்கும்போது கழன்றால் பின்சக்கரமே பூட்டிக்கொள்ளலாம்.

செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, தகடு நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் பின்னும் அதைச் சுற்றிய குழலான புஷ்ஷும் தேய்கின்றன. 118 மூட்டிலும் நூற்றில் ஒரு பங்கு மி.மீ. தேய்ந்தாலே மொத்தம் 1.18 மி.மீ.; 25 ஆக இருந்த ஆட்டம் 44 ஆகிவிடும். சேலத்து வெள்ளைக்கல் சுரங்கப் பக்கம் ஓட்டுவோர் மேக்னசைட் தூசியைத் திட்டுவார்கள். அது எஃகைவிட மிருதுவானது, பெரிதாக அரைக்காது. உண்மையான எதிரி சாலைமண்ணில் உள்ள குவார்ட்ஸ். பழைய எஞ்சின் ஆயிலைச் செயினில் ஊற்றுவது இரும்புத்துகளையும் சேர்த்து ஊற்றுவதுதான். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு சுத்தம் செய்து, துடைத்து, எஸ்.ஏ.இ 90 கியர் ஆயிலைக் கீழ் ஓட்டத்தின் உட்புறத்தில், தகடுகளின் இடையே சொட்டுச் சொட்டாக விடுங்கள். மூட்டுகளில் ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயினுக்குப் பெட்ரோல் கூடாது. 500 கி.மீ.க்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் உடனே.

சரிசெய்ய எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் வையுங்கள். ஓடும் எஞ்சினில் சக்கரத்தைச் சுழலவிட்டுச் செயினைத் தொட்டு விரலை இழந்தவர்கள் உண்டு. புத்தகம் சைடு ஸ்டாண்டு என்றால் சைடு ஸ்டாண்டு, சென்டர் ஸ்டாண்டு என்றால் அதுவே. ஸ்டாண்டு மாறினால் ஆர்மின் கோணம் மாறும். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் பாருங்கள். தேய்மானம் சீராக இராது. மிகவும் இறுக்கமான இடத்தில்தான் அளக்க வேண்டும். கீழ் ஓட்டத்தின் நடுவில் ஸ்கேலை வைத்து ஏற்றி இறக்குங்கள். முழுக் கவர் உள்ள வண்டியில் ரப்பர் மூடியைக் கழற்றினால் துளை தெரியும்.

ஆக்ஸில் நட்டைத் தளர்த்துங்கள். காட்டர் பின் (நட் கழலாமல் தடுக்கும் கம்பி) இருந்தால் முதலில் அது. ஸ்ப்ராக்கெட் பக்கம் ஸ்லீவ் நட் உள்ள டிரம் பிரேக் வண்டிகளில் அதையும், பிரேக் தகடு சுழலாமல் பிடிக்கும் டார்க் ராடின் நட்டையும் தளர்த்த வேண்டும். பிறகு இரு பக்க அட்ஜஸ்டரையும் சமமாக, கால் கால் சுற்றாக. ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளைப் பாருங்கள். முழுக்க நம்பாமல் கீல் போல்ட் மையத்திலிருந்து ஆக்ஸில் மையம்வரை இருபுறமும் டேப்பால் அளந்துவிடுவது மேல். நட்டை முறுக்கும்போது தளர்வு சற்று மாறும் என்பதால், முறுக்கியபின் மறுபடி அளக்காமல் எழுந்துவிடாதீர்கள்.

20 கண்ணிகள் புதிதில் 254 மி.மீ.; 259-ஐத் தொட்டால் இரண்டு சதவீதம் தேய்ந்தாயிற்று. அப்போது செயினும் இரு ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்தே மாற வேண்டும். கொக்கிபோல் வளைந்த பழைய பல் புதுச் செயினைத் தின்றுவிடும். புதுச் செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கண்ணியில் உள்ள லாக் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், திறந்த முனை பின்னால்.

கடைசியாக, பலர் மறப்பது பிரேக். ராடு வைத்த டிரம் பிரேக்கில் ஆக்ஸில் பின்னுக்குப் போனால் ராடும் இழுபடும். பெடலின் வெற்றாட்டம் (பிரேக் பிடிக்கத் தொடங்கும்முன் பெடல் நகரும் தூரம்) குறைந்து, லைனிங் உரசியபடி ஓடும். பிரேக் நட்டைத் திருப்பி 20–30 மி.மீ. வெற்றாட்டம் கொடுங்கள், பிரேக் லைட் சரியான நேரத்தில் எரிகிறதா பாருங்கள், சக்கரத்தைக் கையால் சுற்றி அது தடையின்றி ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.