தோளா, முழங்காலா: மீன்பிடிக் கயாக் வாங்கும் முன்

ஒட்டனூர்ப் பக்கத்துப் பரிசல்காரர் ஒருவர் வலது தோளுக்காக என்னிடம் வருகிறார். பரிசலின் முன்விளிம்பில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒற்றைத் துடுப்பைத் தண்ணீரில் செருகித் தன்னை நோக்கி இழுத்தே முப்பது ஆண்டுகளாக மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில் வலை விரித்தவர். முதல் நாள் வந்தபோது, "தலை சீவக் கை எழவில்லை, டாக்டரம்மா" என்றார். அவருக்குப் படகைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்ததில்லை. அப்பா பரிசல் வைத்திருந்தார், அவரும் வைத்திருக்கிறார்.

இப்போது அதே நோவோடு வேறு வகை ஆட்களும் வருகிறார்கள். ஓசூரில் வேலை பார்ப்பவர்கள், கிருஷ்ணகிரியில் கடை வைத்திருப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் காரின் மேல் கயாக் என்னும் சிறு படகைக் கட்டிக்கொண்டு தூண்டில் போடக் கிளம்புகிறவர்கள். இன்னும் படகு வாங்காதவர்களும் வந்து, "காலால் மிதிக்கும் பெடல் வைத்தது வாங்கலாமா, துடுப்புப் போடுவது போதுமா?" என்று கேட்கிறார்கள். கடையில் இந்தக் கேள்விக்கு வேகத்தையும் விலையையும் வைத்துப் பதில் சொல்வார்கள். இயன்முறை மருத்துவராகிய நான் உடம்பை வைத்துத்தான் சொல்ல முடியும். அந்தப் பதில் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மூன்று சிறிய சோதனைகளைச் செய்யச் சொல்வேன். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட வேண்டும். முகவாயை நெஞ்சில் பதிய வைக்க வேண்டும். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மடக்கிப் பின்னந்தலையைத் தொட வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் எலும்பு ஃபுளோரோசிஸை, அதாவது குடிநீரில் மிகுந்த ஃபுளோரைடால் எலும்பும் மூட்டும் விறைக்கும் நோயைச் சந்தேகிக்க வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இவை. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களின் ஆழ்துளைக் கிணறுகளில் பல இந்த அளவைத் தாண்டியவை. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து காவிரி நீர் வீட்டுக்கு வந்தது. ஆனால் அதற்கு முன் இருபது, முப்பது ஆண்டுகள் கிணற்று நீர் குடித்தவர்களின் முதுகெலும்பிலும் மூட்டுகளிலும் அது விட்டுச் சென்ற விறைப்பு அப்படியே இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பலர் இதை "வயசாகிவிட்டது" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

கயாக்கில் உட்கார்ந்தால் இந்த மூன்று அசைவுகளுமே தேவைப்படும். முதுகு வளையாதவரால் கால் நீட்டிய இருக்கையில் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. கழுத்துத் திரும்பாதவருக்குப் பின்னால் வரும் விசைப்படகு தெரியாது. கை பின்னால் போகாதவர் தண்ணீரில் விழுந்தால் படகின் மேல் ஏறிப் படுக்கத் திணறுவார். சோதனையில் தடுமாறினால், பெடலா துடுப்பா என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

சரி, மூட்டுகள் நன்றாகத்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். துடுப்புக் கயாக் தோளிடம் என்ன கேட்கிறது? நிமிடத்துக்கு 50 வீச்சு என்று குறைத்தே கணக்கிட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு 3,000 வீச்சு. ஒவ்வொரு வீச்சிலும் தோள்பட்டை எலும்பின் கூரைக்கடியில் இருக்கும் தசைநாண்கள் உரசுகின்றன. கை தோளுக்கு மேலே உயர உயர அந்த உரசல் கூடும். உடம்பைத் திருப்பி, காலால் படகை உந்தி, இடுப்பிலிருந்து வரும் விசையில் துடுப்பை இழுத்தால் தோளுக்குப் பாதி வேலை குறைந்துவிடும். ஆனால் என்னிடம் வரும் பலரும் வெறும் கையால்தான் இழுக்கிறார்கள். துடுப்பைக் கம்பியைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடிக்கிறார்கள். மாலைக்குள் முழங்கையின் வெளிப்புறமும், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கிவிடும்.

துடுப்பின் நீளத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தோள் வலியோடு வருகிற பாதிப் பேரிடம் குற்றவாளி அதுதான். மீன்பிடிக் கயாக்குகள் நின்று தூண்டில் போட ஏதுவாக 33 முதல் 36 அங்குலம் வரை அகலமானவை, இருக்கையும் உயரம். இதற்கு 240 முதல் 260 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள துடுப்பு வேண்டும். படகோடு இலவசமாகக் கொடுத்த 220 சென்டிமீட்டர் துடுப்போடு வருகிறார்கள். குட்டையான துடுப்பின் அலகு தண்ணீரை எட்ட வேண்டுமானால் மேல்கையைக் காதுவரை தூக்க வேண்டும். 3,000 முறை காதுவரை தூக்கிய கை என்ன ஆகும்? பர்கூரிலிருந்து வந்த ஓர் இளைஞருக்கு ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. துடுப்பை மாற்றச் சொன்னேன், ஆறு வாரம் தோள் பயிற்சி கொடுத்தேன், சரியாகிவிட்டார்.

பெடல் கயாக்கில் தோள் தப்பிக்கிறது. கையைவிடப் பல மடங்கு வலுவான தொடைத் தசைகள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. கை சும்மா இருப்பதால் ஓடிக்கொண்டே தூண்டில் வீசலாம், ரீலைச் சுற்றலாம். காற்று தள்ளும்போது மெல்ல மிதித்து நின்ற இடத்திலேயே நிற்கலாம். ஆடி மாதத்தில் மேட்டூர் அணையின் நாகமரைப் பக்கம் நடு நீரில் இருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். துடுப்புக்காரர் ஒரு வீச்சுக்குத் தூண்டிலை எடுப்பதற்குள் காற்று அவரை இருபது அடி தள்ளிவிட்டிருக்கும். திறந்த, அகன்ற நீர்ப்பரப்பில், செயற்கை இரை வீசி விராலையோ வாளையையோ தேடுகிறவருக்குப் பெடல்தான் பொருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் பெடலிலும் இரண்டு வகை உண்டு. முழங்காலைப் பொறுத்தவரை அவை வேறு வேறு படகுகள். ஒன்று, படகுக்கு அடியில் மீனின் துடுப்புபோல் இரண்டு தகடுகள் இடமும் வலமும் அசையும் வகை. ஹோபி நிறுவனம் 1997-இல் கொண்டுவந்தது. அதில் கால்களை மாற்றி மாற்றி முன்னே தள்ளுவதோடு சரி. அரை மிதி மிதித்தாலும் படகு நகரும். மற்றொன்று, சைக்கிள்போல் வட்டமாக மிதித்து அடியில் விசிறியைச் சுழற்றும் வகை. ஒரு மிதிச்சுற்றுக்கு விசிறி சுமார் பத்துச் சுற்றுச் சுற்றும். பின்னோக்கி மிதித்தால் உடனே பின்னால் போகும் என்பது இதன் பெரிய வசதி. பெரிய மீன் முள்செடிக்குள் இழுக்கும்போது அது எவ்வளவு உதவும் என்று தூண்டில்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் வட்டமிதியில் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் நன்றாக மடங்கி நீண்டாக வேண்டும். பாதியில் நிறுத்த முடியாது. மாடிப்படி இறங்கும்போது முழங்கால் சிப்பிக்குப் பின்னால் வலிக்கிறவர்கள், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், மேலே சொன்ன விறைப்பு உள்ளவர்கள் வாங்குவதானால் முதலில் சொன்ன தள்ளுமிதி வகையை வாங்கட்டும். எந்த வகையானாலும் கால் நீண்ட நிலையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி இருக்கையை நகர்த்தி வையுங்கள். இருக்கை முன்னால் நெருங்கியிருந்தால் சிப்பிக்குப் பின்னால் அழுத்தம் கூடி, அடுத்த நாள் தரையில் உட்கார்ந்து எழ முடியாது.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி மங்கியவர் ஈரக்காலோடு இரண்டு மணி நேரம் வெறும் பாதத்தில் மிதித்தால் தோல் உரிவது தெரியாது. வீட்டுக்கு வந்து மனைவி பார்த்துச் சொல்லித்தான் புண் இருப்பதே தெரிந்தது என்று ஒருவர் வந்தார். அந்தப் புண் ஆற மூன்று மாதமானது. முன்பக்கம் மூடிய, நீர் வடியும் காலணி இல்லாமல் அவர்கள் மிதிக்கவே கூடாது.

இனி, என்னைப் பொறுத்தவரை இந்தக் கட்டுரையின் நடுப்புள்ளி. தண்ணீரில் பட்ட காயங்களைவிடக் கரையில் பட்ட காயங்களையே நான் அதிகம் பார்க்கிறேன். துடுப்புக் கயாக் பெரும்பாலும் 25 முதல் 35 கிலோ. பெடல் கயாக் பெரும்பாலும் அதைவிடக் கனமானது. மிதி இயந்திரத்தையும் இருக்கையையும் சேர்த்தால் ஐம்பதைத் தாண்டுவது சாதாரணம். கிருஷ்ணகிரி அணை அதன் 52 அடிக்கு நிரம்பியிருக்கும்போது வண்டிக்குப் பக்கத்திலேயே படகை இறக்கலாம். கோடையில் அதே இடத்தில் சேறும் கல்லுமாக நீண்ட தூரம் நடக்க வேண்டும். மேட்டூரிலும் அப்படித்தான். பண்ணவாடியில் அணை நீரில் மூழ்கிய கோயிலின் நந்தி சிலை வெளியே தெரிகிற நாட்களில் எதிர்க்கரை நாகமரையிலும் தண்ணீர் எவ்வளவு தூரம் விலகியிருக்கும் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து படகின் எடையைப் பேசுங்கள்.

ஓசூர்க்காரர் ஒருவர், நாற்பத்திரண்டு வயது, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி, இறங்கியதும் குனிந்து தனியாளாகப் பெடல் கயாக்கைக் காரின் மேலிருந்து இழுத்தார். இடது காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்ததாம். படகு தண்ணீரைத் தொடவே இல்லை. முதுகெலும்பின் இடைத்தட்டுகள் இரவில் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் குனிந்து பாரம் தூக்குவதுதான் அவற்றுக்கு மிக ஆபத்தான வேலை. நெடுநேரம் காரில் உட்கார்ந்திருந்துவிட்டு உடனே தூக்குவதும் நல்லதல்ல. தூண்டில்காரர்கள் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். கரைக்கு வந்ததும் பத்து நிமிடம் நடங்கள், இடுப்பில் கை வைத்துப் பின்னால் வளையுங்கள். மிதி இயந்திரத்தையும் இருக்கையையும் கழற்றித் தனியாகக் கொண்டுபோங்கள். படகைச் சக்கர வண்டியில் வைத்துத் தள்ளுங்கள். தனியாகப் போகிறவர், உதவிக்கு ஆள் இல்லாதவர், முன்பே இடுப்பு வலி உள்ளவர் ஆகிய மூவருக்கும் பெடல் கயாக் வேண்டாம் என்றுதான் சொல்வேன், தோள் எவ்வளவு மிச்சமானாலும் சரி.

நீர்நிலையும் தீர்ப்புச் சொல்லும். தொப்பையாறு, வாணியாறு போன்ற சிறிய அணைகளில் கரையோரமாக ஜிலேபிக்கும் கெண்டைக்கும் தூண்டில் போடுகிறவருக்குப் பெடல் தேவையே இல்லை. பெடலின் அடிப்பாகம் தண்ணீருக்குள் ஒன்றரை அடி இறங்குகிறது. நீர் வற்றிய கரைகளில் மூழ்கிய கருவேலமரக் கட்டைகளும் ஆகாயத்தாமரையும் அதைச் சிக்கவைக்கும். துடுப்புக் கயாக் அரை அடித் தண்ணீரிலேயே வழுக்கிக்கொண்டு போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது. நம் அணைகளில் உரிமம் பெற்ற மீனவர்கள் மாலையில் தங்கூசி வலை என்னும் மெல்லிய நைலான் இழை வலையை விரித்துவிட்டுப் போவார்கள். மிதவையாகக் கட்டியிருப்பது ஒரு பிளாஸ்டிக் பாட்டில்தான். விசிறி அந்த வலையில் மாட்டினால் படகும் நிற்கும், வலையும் கிழியும். கிழிந்த வலை அந்த வீட்டின் ஒரு வார வருமானம். மிதவை தெரிந்தால் சுற்றிப் போங்கள். மாட்டிவிட்டால் அறுக்காமல் பின்னோக்கி மிதித்து விடுவியுங்கள். அணையில் தூண்டில் போடுவதற்கு மீன்வளத் துறையின் அனுமதி நிலவரத்தையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தின் நீரில் கயாக்கை இறக்க நினைக்காதீர்கள். அங்கே முதலைகள் இருக்கின்றன, அது அவற்றின் வீடு.

பெடல் வாங்கினாலும் துடுப்பு படகில் இருந்தே ஆக வேண்டும். மிதி இயந்திரம் நடு நீரில் பழுதானால் வேறு எதுவும் கரை சேர்க்காது. அதனால் தோளை முழுக்கக் கைவிட்டுவிட்டுப் பெடலுக்குத் தாவ முடியாது. ஒரு கிலோமீட்டராவது துடுப்புப் போட உங்கள் தோளுக்குத் தெம்பு வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை அணிந்துகொள்ளுங்கள், இருக்கைக்குப் பின்னால் கட்டிவைக்காதீர்கள். முதல் நாள் தூண்டிலே எடுத்துப் போக வேண்டாம். நண்பர் ஒருவரைக் கரையில் நிறுத்திவிட்டு, நெஞ்சளவு நீரில் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, மறுபடி நிமிர்த்தி, ஏறிப் பாருங்கள். மூன்று முறை ஏற முடியாதவர் நடு நீருக்குப் போகக் கூடாது.

ஓசூர்க்காரர் நான்கு மாதச் சிகிச்சைக்குப் பிறகு இப்போது இடுப்புப் பயிற்சிகளைத் தவறாமல் செய்கிறார். பெடல் கயாக்கை விற்றுவிட்டு, 28 கிலோவில் ஒரு துடுப்புக் கயாக்கும் அதற்கு ஒரு சக்கர வண்டியும் வாங்கியிருக்கிறார். போன வாரம் தொலைபேசியில் பேசினார், தோள் லேசாக இறுக்குகிறதாம். அடுத்த முறை வரும்போது துடுப்பையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். நீளத்தை அளந்து பார்க்க வேண்டும்.