கூர்ப்பு: ஒரு சொல்லும் அதன் பக்கத்து வீட்டுக்காரரும்

அண்ணாவின் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். வகுப்பில் விளங்காததை இரவில் கைபேசியில் தேடிப் பார்ப்பது அவள் வழக்கம். தமிழில் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டு ஆசிரியர்களுடையவை. ஒருநாள் கொப்பியோடு வந்து நின்றாள். "சித்தப்பா, கூர்ப்பும் பரிணாமமும் ஒண்டோ, வேற வேறயோ?"

ஒன்றுதான் என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவருவதைச் சொல்லும் ஒரே பாடத்தைத்தான் இரண்டும் குறிக்கின்றன, சரி. ஆனால் இரண்டும் மனதில் எழுப்பும் படம் ஒன்றல்ல.

முதலில் இந்தப் பிரிவு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் விஞ்ஞானம் கற்பிப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1847இல் இங்கே வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களும் திரட்டினார். நூறு ஆண்டு கழித்து, பாடசாலைகளில் தாய்மொழி வழிக் கல்வி வந்தபோது, இலங்கையின் அரசகரும மொழித் திணைக்களம் பாடம் பாடமாகக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழ்நாட்டில் அந்த வேலை வேறு கைகளில் நடந்தது. அதனால்தான் நமக்குக் கலம், அவர்களுக்குச் செல். நமக்கு இழையம், அவர்களுக்குத் திசு. நமக்கு நிறமூர்த்தம், அவர்களுக்குக் குரோமோசோம். நமக்குக் கூர்ப்பு, அவர்களுக்குப் பரிணாமம்.

பரிணாமம் வடசொல். "பரி" என்ற முன்னொட்டும், வளைதலைக் குறிக்கும் "நம்" என்ற வடமொழி அடியும் சேர்ந்தது. ஒன்று தன் நிலை மாறி இன்னொன்றாவது என்பது பொருள். சாங்கிய தத்துவம் பேசுவோர் இதற்குப் பால் தயிராவதை உதாரணம் காட்டுவார்கள். அழகான உதாரணம். ஆனால் உயிரியலுக்குள் அதைக் கொண்டுவந்தால் சிக்கல். ஒரு சட்டிப் பால் முழுவதும் தயிராகிவிடும்; உயிரினங்கள் அப்படி மாறுவதில்லை. "குரங்கு மனிசனா மாறினதெண்டால் இப்ப இருக்கிற குரங்கெல்லாம் ஏன் மாறேல்லை?" என்று கேட்பவர்களின் மனதில் இருப்பது இந்தப் பால்–தயிர்க் கணக்குத்தான்.

எவொலூஷன் (evolution) என்ற ஆங்கிலச் சொல்லும் குறையில்லாதது அல்ல. அதன் இலத்தீன் மூலம் சுருளை விரித்தலைக் குறிக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில், கருவுக்குள் ஏற்கனவே முழுதாக இருக்கும் உடல் விரிந்து வளர்கிறது என்று நம்பியவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். 1859இல் வெளிவந்த டார்வினின் நூலின் முதற்பதிப்பில் அந்தப் பெயர்ச்சொல் இல்லை. நூலின் கடைசிச் சொல்லாக அதன் வினை வடிவம் மட்டும் வருகிறது. மாற்றத்தோடு வழிவழி வருதல் என்பதுதான் அவர் விரும்பிக் கையாண்ட தொடர்.

இனிக் கூர்ப்புக்கு வருவோம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் உரியியல் என்று ஓர் இயல் உண்டு. அங்கே இந்த அடி வருகிறது:

"கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்"

கூர்ப்பு, கழிவு என்ற இரண்டு உரிச்சொற்களும், முன்னரே உள்ள ஒன்று மிகுவதைக் குறிக்கும் என்பது இதன் கருத்து. அன்பு கூர்தல், களிகூர்தல் என்கிறோமே, அந்தக் கூர்தான். அன்பு புதிதாக எங்கிருந்தோ வந்து இறங்கவில்லை; இருந்த அன்பு பெருகியது. டார்வினின் கொள்கையில் இயற்கைத் தேர்வு என்ற பாதியைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. உள்ளது மிகும். இல்லாததைத் தேர்வு உண்டாக்காது.

நுளம்பை எடுத்துப் பாருங்கள். இலங்கையில் டீ.டீ.ரீ. என்ற பூச்சிகொல்லியை அடித்து மலேரியாவை ஏறக்குறைய ஒழித்தே விட்டார்கள். 1963இல் நாடு முழுவதிலும் பதிவானவை 17 நோயாளிகள்தான். தெளிப்பதை நிறுத்தியதும் அந்த தசாப்தத்தின் இறுதியில் நோய் பெருமெடுப்பில் திரும்பி வந்தது. மறுபடி தெளித்தபோது மருந்துக்கு அசையாத நுளம்புகள் காணப்பட்டன. 1977இல் மலத்தியோன் என்ற வேறு பூச்சிகொல்லிக்கு மாறவேண்டி வந்தது. எந்தத் தனி நுளம்பும் மருந்தைக் கண்டு பயந்து தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. தாங்கும் இயல்புள்ள சில முன்பே இருந்தன. மற்றவை செத்தன, தாங்கியவை பெருகின. உள்ளது கூர்ந்தது. பெறாமகளுக்கு இதைச் சொன்னபோது அவள் முகத்தில் விளங்கியது தெரிந்தது. பால்–தயிரைக் கொண்டு இதை விளங்கப்படுத்த முடியாது.

ஆனாலும் இந்தச் சொல்லில் ஓர் ஆபத்து உண்டு. கூர் என்றதும் பிள்ளைகளுக்கு முதலில் நினைவில் வருவது பென்சிலும் கத்தியும். அதனால் கூர்ப்பு என்றால் வரவரக் கூர்மையாவது, திறமாவது, மேலே ஏறுவது என்று எடுத்துக்கொள்கிறார்கள். மன்னார்க் கடலில் வாழும் கடற்பசுவை நினையுங்கள். யானையின் தூரத்துச் சொந்தம் அது. அதன் முன்னோர் நாலு காலில் நடந்தவை. இப்போது பின்னங்கால் இல்லை. இடுப்பெலும்பின் மிச்சம் மட்டும் தசைக்குள் கிடக்கிறது. காலை இழந்ததும் கூர்ப்புத்தான். இந்த மயக்கத்துக்கு மருந்து பரிணாமத்துக்கு மாறுவதல்ல என்பேன். கூர்ப்பு என்று கரும்பலகையில் எழுதும்போது பக்கத்திலே களிகூர்தல் என்றும் எழுதிக் காட்டினால் போதும்.

அடுத்த சொல் பாகுபாடு: உயிரினங்களை வகைவகையாகப் பிரிப்பது. தமிழ்நாட்டில் வகைப்பாடு என்கிறார்கள். அங்கே பாகுபாடு என்றால் ஆளுக்கு ஆள் வேற்றுமை காட்டுவது என்ற பொருள்தான் முதலில் வரும். பகுத்தல் என்ற அடியிலிருந்து வந்த நல்ல சொல். அதற்காக நாம் அதைக் கைவிட வேண்டியதில்லை.

எனக்கு நெருடுவது அதற்குள் இருக்கும் ஒரு படிநிலை. இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று நம் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். பனையின் அறிவியற் பெயர் பொராசஸ் பிளபெலிபர். முதற் பாதி சாதிப் பெயர், இரண்டும் சேர்ந்தால் இனப் பெயர். தென்னையும் பனையும் ஒரே குடும்பம், வேறு வேறு சாதி. பாடமாகப் பார்த்தால் பிழை ஒன்றுமில்லை. சொல்லின் வேர்கூடப் பொருத்தமானது: சாதி என்பது பிறத்தலைக் குறிக்கும் வடமொழி அடியிலிருந்து வந்தது. அந்த நிலைக்கான ஜீனஸ் (genus) என்ற இலத்தீன் பெயரும் அதே பழைய மூலத்திலிருந்து வந்த உறவுச் சொல்.

ஆனால் சொல் வேரில் மட்டும் வாழ்வதில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போகும் உரிமைக்காக மனிதர்கள் போராட வேண்டியிருந்த மண் இது. இங்கே வகுப்பறையில் ஒரு பிள்ளை எழும்பி நின்று வருணம், சாதி என்று ஒப்புவிக்கும்போது, அந்தச் சொற்கள் பிறப்பால் மேல் கீழ் என்று சொல்லும் அதே பழைய வாசனையோடுதான் காதில் விழுகின்றன. அதுவும் எந்தப் பாடத்தில்? எல்லா உயிரும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்று சொல்லும் பாடத்தில். தமிழ்நாட்டுப் பேரினம், சிற்றினம் என்ற இணை தெளிவானது, யாரையும் குத்தாதது. இந்த ஒன்றை நாம் அவர்களிடம் தயங்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். பரீட்சைத் தாளில் மட்டும் சாதி என்றே எழுது என்று பெறாமகளிடம் சொன்னேன். புள்ளி அவளுக்கு வேண்டுமே.

ஆங்கிலத்தில் ஜீன் (gene) எனப்படுவதை, பெற்றோரின் இயல்பைப் பிள்ளைக்குக் கடத்தும் அலகை, பரம்பரையலகு என்பதா மரபணு என்பதா என்ற கேள்வியில் நான் அதிகம் நிற்கமாட்டேன். 1909இல் விஞ்ஞானி யோகான்சன் அந்த ஆங்கிலச் சொல்லின் மூலத்தை ஆக்கியபோது அது எந்தப் பொருளால் ஆனது என்று எவருக்கும் தெரியாது; ஓர் அலகு என்று மட்டுமே கொண்டார். அதற்கு அலகு பொருந்துகிறது. மரபணுவில் வரும் அணு பிள்ளைகளை இரசாயனப் பாடத்துக்கு இழுத்துப் போகிறது. ஆனால் பத்திரிகைகள் மரபணு மாற்றம் என்றே எழுதிப் பழக்கிவிட்டன. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் விட்டுக்கொடுக்க விரும்பாத சொல் விகாரம். பரம்பரையலகில் ஏற்படும் மாற்றத்தை இலங்கைப் பாடநூல்கள் இப்படித்தான் சொல்கின்றன. தமிழ்நாட்டில் திடீர் மாற்றம், சடுதி மாற்றம் என்பார்கள். பேச்சில் விகாரம் என்றால் அவலட்சணம் என்ற பொருள் வந்துவிட்டது உண்மை. ஒரு தாயிடம் பிள்ளைக்கு விகாரம் இருக்கிறது என்று எந்த வைத்தியரும் சொல்லக்கூடாது. ஆனால் இலக்கண வகுப்பை நினைத்துப் பாருங்கள். நன்னூல் விகாரத்தை மூன்றாக்குகிறது: தோன்றல், திரிதல், கெடுதல். பலாப்பழத்தில் ஓர் எழுத்துத் தோன்றியது. கடற்கரையில் ஓர் எழுத்துத் திரிந்தது. மரவேரில் ஓர் எழுத்துக் கெட்டது.

டி.என்.ஏ. என்பதும் எழுத்துகளின் கோவைதான். அதில் நடப்பதும் இவையேதான். அரிவாட்கலக் குருதிச்சோகையில் ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாகத் திரிகிறது. ஈமோகுளோபினின் வடிவமே மாறிவிடுகிறது. நுரையீரலில் தடித்த சளி தேங்கும் ஒரு பரம்பரை நோயில், பெரும்பாலும் மூன்று எழுத்துகள் கெட்டுப்போகின்றன. மெண்டல் எண்ணிப் பார்த்த சுருங்கிய பட்டாணி விதை தோன்றலுக்கு உதாரணம்: மாப்பொருளைக் கிளைக்க வைக்கும் நொதியத்தின் பரம்பரையலகுக்குள் ஏறத்தாழ 800 எழுத்துகள் நுழைந்து அதைப் பழுதாக்கிவிட்டன. தமிழ்ப் பாடத்தில் புணர்ச்சி படித்த பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இயற்கையில் தற்செயலாக நடக்கும் இந்த எழுத்து வேலையை மனிதர் தெரிந்து செய்வதுதான் மரபணு மாற்றம். மனித இன்சுலினுக்கான பரம்பரையலகை பற்றீரியாவுக்குள் சேர்த்து, அதைக்கொண்டு உற்பத்தி செய்த இன்சுலின் 1982இல் மருந்தாக அனுமதி பெற்றது. அன்றிரவு பெறாமகள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, அம்மம்மாவின் மருந்துக் குப்பியை எடுத்து, அதில் எழுதியிருந்ததை வாசித்தாள். "அப்ப இதுவும் தோன்றல்தானே, சித்தப்பா?" என்றாள். ஓம் என்றேன்.