எலக்ட்ரான் ஷட்டில்: தமிழில் எதிர்மின்னி ஓடம்

நுண்ணுயிர்களிடமிருந்து மின்சாரம் எடுக்கும் நுண்ணுயிர் மின்கலம் பற்றி எதைப் படித்தாலும் சீக்கிரமே 'எலக்ட்ரான் ஷட்டில்' வந்துவிடும். பழைய கட்டுரைகளில் இதையே 'மீடியேட்டர்' என்பார்கள். பாக்டீரியாவிடம் எதிர்மின்னியை, அதாவது எலக்ட்ரானை, வாங்கி, மின்முனையில் கொடுத்துவிட்டு, அடுத்த நடைக்குத் திரும்பி வரும் சிறு மூலக்கூறு இது. திரும்பி வருவதால்தான் கொஞ்சம் சேர்த்தாலே போதுமானதாக இருக்கிறது.

ஷட்டில் என்பதற்கு ஆதியில் எய்யும் அம்பு என்று பொருள். 'ஷூட்' அதன் உறவுக்காரச் சொல். பிறகு, தறியில் பாவு நூல்களுக்கு நடுவே தாரைச் சுமந்துகொண்டு இப்படியும் அப்படியும் பாயும் கருவிக்கு அது பெயரானது. நம் நெசவாளர்கள் அதை நாடா என்பார்கள். போய்த் திரும்பும் ரயில், பஸ், விண்கலம் எல்லாம் அதற்கு அப்புறம் வந்த பொருள்கள்.

சரி, இப்படி ஒன்று ஏன் வேண்டும்? பல நுண்ணுயிர்களின் செல்சவ்வு மின்சாரத்தைக் கடத்தாது; உள்ளே இருக்கும் எதிர்மின்னி தானாக மின்முனைக்கு வந்து சேராது. 1911இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் தாவரவியலாளர் எம். சி. பாட்டர் ஈஸ்டிலிருந்து மின்சாரம் எடுத்துக் காட்டினார்; கிடைத்தது சொற்பம். 1931இல் அமெரிக்க பாக்டீரியா ஆய்வாளர் பார்னெட் கோஹன், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, பென்சோகுவினோன் ஆகிய ஷட்டில்களைச் சேர்த்துப் பார்த்தார். கலங்களைத் தொடராக இணைத்து 35 வோல்ட்டுக்கு மேல் பெற்றாலும், மின்னோட்டம் 2 மில்லிஆம்பியர்தான்.

இது நடப்பதைக் கண்ணால் பார்க்க மெத்திலீன் நீலம் நல்லது. ஈஸ்டும் சர்க்கரையும் கலந்த நீரில் சில சொட்டு விட்டு அசையாமல் வைத்தால் நீலம் மெல்ல வெளுக்கும்: சாயத்தில் எதிர்மின்னி ஏறிவிட்டது. காற்று படும் மேற்பரப்பில் மட்டும் நீலம் தங்கும். அங்கே ஆக்சிஜன் எதிர்மின்னியைப் பறித்துக்கொள்கிறது. குலுக்கினால் மறுபடி முழுக்க நீலம்.

ஆனால் மெத்திலீன் நீலத்துக்கு ஒரு செலவு உண்டு. செல்லுக்குள் எதிர்மின்னியைச் சுமக்கும் என்ஏடிஎச்-இன் மின்னழுத்தம் சுமார் −320 மில்லிவோல்ட். இந்தச் சாயத்துக்கு +11. அந்த இறக்கத்திலேயே 330 மில்லிவோல்ட் போய்விடுகிறது. நியூட்ரல் ரெட் என்ற இன்னொரு சாயத்துக்கு −325 என்பதால் இழப்பு இல்லாத மாதிரிதான்.

கழிவுநீர் ஓடிக்கொண்டிருக்கும் மின்கலத் தொட்டியில் எந்தச் சாயமும் நீரோடு அடித்துக்கொண்டு போகும், சில நச்சும்கூட. அதனால் சாயத்தை மின்முனையிலேயே பிணைக்கிறார்கள், அல்லது நுண்ணுயிர் தானே சுரப்பதை நம்புகிறார்கள். ஷெவனெல்லா என்ற பாக்டீரியா சுரப்பது ரிபோஃபிளேவின், நம் வைட்டமின் பி2. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற இன்னொரு பாக்டீரியா சுரப்பது பயோசயனின். சீழை நீலப்பச்சையாக்கும் நிறமி.

தமிழுக்கு வருவோம். 'எதிர்மின்னிக் கடத்தி' குழப்பும். செம்புக் கம்பியும் கடத்திதான், ஆனால் அது போய்த் திரும்புவதில்லை. 'இடையீட்டுப் பொருள்' மீடியேட்டருக்குப் பொருந்தும். 'நாடா' மூலத்துக்கு மிக நெருக்கம் என்றாலும், இன்று அதைக் கேட்டால் ஒலிநாடாவும் பாவாடை நாடாவும்தான் நினைவுக்கு வரும். ஸ்பேஸ் ஷட்டிலுக்கு 'விண்ணோடம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால், என் ஓட்டு 'எதிர்மின்னி ஓடம்' என்பதற்கே. இலங்கை வழக்கில் எழுதுபவர்கள் 'இலத்திரன் ஓடம்' எனலாம்.