ஆஸ்டெரிட்டி: 'சிக்கனம்' என்றால் சரியாகுமா?

'அரசு சிக்கன நடவடிக்கை' என்று செய்தித்தாளில் தலைப்பு வந்தால் உள்ளே இரண்டில் ஒன்று இருக்கும். அதிகாரிகள் விமானத்தில் உயர்வகுப்பில் போகக் கூடாது, புது மேசை நாற்காலி வாங்கக் கூடாது, தாளின் இரண்டு பக்கமும் அச்சிட வேண்டும் என்பது ஒன்று. மானியம் நிற்கிறது, ஓய்வூதியம் குறைகிறது, காலியிடங்களை நிரப்பப் போவதில்லை என்பது இன்னொன்று. நாற்காலி வாங்காததால் எந்த ஆட்சியும் கவிழ்ந்ததில்லை. மானியத்தில் கைவைத்துப் பதவியை இழந்தவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் ஆஸ்டெரிட்டி என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு குழம்புகிறோம்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'ஔஸ்டேரோஸ்' என்றால் நாக்கை வறளவைப்பது. காய்ந்தது என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. பழுக்காத காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அந்தச் சுவை. சுருக்கமாகச் சொன்னால் துவர்ப்பு. வேடிக்கை என்னவென்றால் தமிழிலும் துவர் என்பதற்குச் சுவை, காய்தல் என்று இரண்டு பொருளும் உண்டு. துவர்தல் என்றால் உலர்தல். குளித்துவிட்டுத் தலை துவட்டுகிறோமே, அதன் பழைய வடிவம் துவர்த்துதல். இரண்டு மொழிக்கும் உறவு கிடையாது. நாக்கு மட்டும் ஒன்றுதான்.

சுவையிலிருந்து சொல் மனிதர்களின் குணத்துக்கு நகர்ந்தது. லூக்கா 19ஆம் அதிகாரத்தில், கொடுத்துவிட்டுப் போன பணத்துக்கு எசமான் கணக்குக் கேட்கிறான். பயந்துபோன ஊழியன், வைக்காததை எடுக்கிறவர், விதைக்காததை அறுக்கிறவர் என்று அவனை வர்ணிக்கிறான். அங்கே கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் ஔஸ்டேரோஸ். தமிழ் வேதாகமம் அதைக் 'கடினமுள்ள மனுஷன்' என்று பெயர்த்தது. அப்புறம் லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், துறவிகளின் நோன்பையும் உடல் வருத்தத்தையும் குறித்தது. நம் கணக்கில் தவம். ஒருவர் தன்னைத்தானே வருத்திக்கொள்வது. இந்தத் 'தன்னைத்தானே'யைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தோடு இந்தச் சொல் சேர்ந்தது இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டனில். 1942இல் ஆண்களின் கால்சட்டை நுனியை மடித்துத் தைப்பதைக்கூட அரசு தடை செய்தது. அவ்வளவு துணி மிச்சம். போர் முடிந்தும் கெடுபிடி முடியவில்லை. போரின்போதே பங்கீட்டுக்கு வராத ரொட்டி, 1946 ஜூலையில் பங்கீட்டுக்கு வந்தது. இரண்டு வருடம் அப்படியே இருந்தது. உணவுப் பங்கீடு முழுதாக ஒழிந்தது 1954இல்தான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அப்போது ஆஸ்டெரிட்டி என்றால் மக்கள் நுகர்வைக் குறைப்பது. அரசு தன் கையைச் சுருக்கவில்லை. தேசிய சுகாதாரச் சேவை 1948இல் அந்தக் கெடுபிடிக்கு நடுவில்தான் பிறந்தது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு இதே சொல் ஏறக்குறையத் தலைகீழானது. இப்போது சுருங்குவது அரசின் செலவு. 2010இல் அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதி இதையே ஆண்டின் சொல்லாக அறிவித்தது. அத்தனை பேர் பொருள் தேடியிருக்கிறார்கள்.

சரி, அரசு தன் செலவைக் குறைப்பது அவ்வளவு கஷ்டமா? வீட்டில் குறைப்பதில்லையா? இங்கேதான் 'சிக்கனம்' காலை வாருகிறது. வீட்டில் செலவைக் குறைப்பவரும் குறைவை அனுபவிப்பவரும் ஒரே கூரைக்குள் இருக்கிறார்கள். தவத்தின் 'தன்னைத்தானே' அங்கே பொருந்தும். அரசின் செலவோ யாரோ ஒருவருடைய வருமானம். கணக்கில் ஒரு வரியை அடித்தால், எங்கோ ஒருவருக்குச் சம்பளம் போகிறது, மருந்து போகிறது. அவருக்கு ஓட்டும் இருக்கிறது.

ஆயிரம் பேரிடமிருந்து ஆளுக்கு ஆயிரம் ரூபாய் எடுத்தால் பத்து இலட்சம் மிச்சம். அதைப் பத்து இலட்சம் பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்று. ஆயிரம் இழந்தவர் தெருவுக்கு வருவார். ஒன்று கிடைத்தவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். சிறு கூட்டம் சுலபமாகச் சேர்ந்து குரல் கொடுக்கும், பெருங்கூட்டம் சேராது என்று அமெரிக்கப் பொருளியலாளர் மன்கர் ஓல்சன் 1960களில் விளக்கியது இதைத்தான். வலி இன்றைக்கு, பலன் அடுத்த ஆட்சிக்கு என்ற தொல்லை வேறு. என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும், செய்த பிறகு எப்படி ஜெயிப்பது என்றுதான் தெரியவில்லை என்ற பொருளில் லக்சம்பர்க் பிரதமர் ழான் குளோட் யுங்கர் ஒருமுறை சொன்னார். சொன்னவர் பதினெட்டு ஆண்டுகள் பிரதமராக இருந்தார் என்பது வேறு கதை.

தொகை பெரிதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 1951 ஏப்ரலில் பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கல், அதுவரை இலவசமாக இருந்த மூக்குக்கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் கட்டணம் வைத்தார். அந்த ஆண்டு மிச்சமாகும் என்று போட்ட கணக்கு 1 கோடியே 30 இலட்சம் பவுண்டு. சுகாதாரச் சேவையின் மொத்தச் செலவோ 40 கோடியை ஒட்டியது. ஆனால் அந்தச் சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் அமைச்சரவையை விட்டு வெளியேறினார். கூடவே இன்னொரு அமைச்சர் ஹரோல்ட் வில்சனும் ஓர் இளநிலை அமைச்சரும் பதவி விலகினார்கள். அக்டோபர் தேர்தலில், ஆட்சியிலிருந்த அவர்களுடைய தொழிற்கட்சி தோற்றது. பல்லால் மட்டும் தோற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்சிக்குள் விழுந்த அந்த விரிசல் பத்து வருடம் ஓடியது.

இலங்கையில் 1953 இன்னும் பச்சையான உதாரணம். கொரியப் போர்க்காலத்தில் ஏறிய ரப்பர் விலை இறங்கிவிட்டது, அரிசி மானியமோ கஜானாவைத் தின்றுகொண்டிருந்தது. நிதியமைச்சின் கூட்டல் கழித்தலில் தப்பில்லை. பங்கீட்டு அரிசி ஒரு கொத்து (அங்கே அரிசி அளக்கும் அளவு) 25 சதத்திலிருந்து ஒரே தாவலில் 70 சதமானது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நின்றது. ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றில் கூட வேண்டியதாயிற்று. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

அதனால் கெட்டிக்கார அரசுகள் வெளியே தெரியாமல் வெட்டும். தொகையைக் குறைக்காதே, உயர்த்தாமல் விட்டுவிடு; விலைவாசி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பிரிட்டனில் 2016 முதல் நான்கு ஆண்டுகள், உழைக்கும் வயதினருக்கான பல உதவித்தொகைகள் இப்படித்தான் உறைந்து கிடந்தன. இதற்கு 'முடக்கம்' என்ற சொல் நன்றாகவே பொருந்துகிறது. இன்னொரு வழி, கத்தியை அடுத்தவர் கையில் கொடுப்பது. கனடாவின் 1995 பட்ஜெட், தன் துறைகளை வெட்டியதோடு மாகாணங்களுக்குப் போகும் பணத்தையும் குறைத்தது. மருத்துவமனைப் படுக்கை குறைந்தபோது மக்களின் திட்டில் பாதி மாகாண அரசுகளுக்குப் போனது. பிரதமர் ழான் கிரெட்டியென் 1997இல் மறுபடி ஜெயித்தார், பெரும்பான்மை மெலிந்தாலும். ஆக, வெட்டினால் தோல்வி நிச்சயம் என்று விதி ஏதும் இல்லை.

இனி தமிழ்ச் சொல். செட்டு நல்ல சொல். செட்டாகக் குடித்தனம் நடத்துகிறாள் என்போம். அதனாலேயே அரசுக்கு ஆகாது. அது வீட்டுச் சொல், பாராட்டுச் சொல். சிக்கனமும் அப்படியே. வள்ளுவர் வரவை ஆகாறு என்றும் செலவைப் போகாறு என்றும் சொல்வார். போகாறு அகலாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார். அழகான சொற்கள்தாம், ஆனால் அவர் பேசியது ஓட்டுக் கேட்டுப் போக வேண்டாத அரசனிடம். 'செலவுக் குறைப்பு' பழுதில்லாதது. பட்ஜெட்டின் ஒரு வரியைப் பற்றிப் பேசப் போதும், கொள்கையின் கடுமை அதில் இல்லை.

நான் வைத்திருக்கும் வழக்கம் இது: மேசை நாற்காலிக்குச் 'சிக்கன நடவடிக்கை'. கொள்கை என்ற முறையில் பேசும்போது 'கடுஞ்சிக்கனம்'. அந்தக் 'கடும்' லூக்காவின் கடினமுள்ள மனுஷனை லேசாக ஞாபகப்படுத்துகிறது. நடக்கும் காரியத்துக்குச் 'செலவு வெட்டு'. வெட்டு என்பது ஒருபக்கச் சார்பு என்று ஒரு நண்பர் ஆட்சேபித்தார். எனக்கு அதன் இலக்கணம்தான் பிடித்திருக்கிறது. சிக்கனம் என்றால் வாக்கியம் அத்தோடு முடிந்துவிடும். வெட்டு என்றால் எதில், யாருக்கு என்ற கேள்வி தானாக வந்து நிற்கும்.

கிரேக்கர்கள் 2010க்குப் பிறகு அரசின் செலவு வெட்டை எதிர்த்து ஏதென்ஸ் தெருக்களில் இறங்கியபோது, தங்கள் மொழியிலிருந்து ஊர் சுற்றப் போன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் மொழியில் ஆஸ்டெரிட்டிக்குப் பெயர் 'லிதோதிதா'. எளிமை என்பது அதன் அடிப்பொருள். நம் சிக்கனத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஔஸ்டேரோஸ் இன்றும் அங்கே புழக்கத்தில் இருக்கிறது, கண்டிப்பான வாத்தியாரைச் சொல்ல.