லினக்ஸுக்கு மாறிய முதல் மாதம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே என் சர்வீஸ் கடைக்குப் பழைய லேப்டாப்கள் வரத் தொடங்கிவிட்டன. 4 ஜிபி ராம், ஆறாம் ஏழாம் தலைமுறை பிராசஸர். விண்டோஸ் 11 அதை ஏற்காது. ஆனால் திரையும் கீபோர்டும் நன்றாகவே இருக்கும். அப்படி ஒரு மெஷினைப் பழைய சாமானுக்குப் போட எனக்கு மனசு வராது. ஒரு எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிஸ்க்) மாட்டி, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸில், மின்ட் என்ற வகையின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுக் கொடுத்தால் இன்னும் சில வருடம் நிம்மதியாக ஓடும்.

போட்டுக் கொடுப்பது ஒரு மணி நேர வேலைதான். அடுத்த ஒரு மாதத்தில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். "சரிப்பட்டு வரல அண்ணே, பழையதே போட்டுடுங்க" என்று திரும்ப வருபவரிடம் பொறுமையாகக் கேட்டால், பெரும்பாலும் ஏதோ ஒரு சின்ன விஷயத்தை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பது தெரியும். அந்தச் சின்ன விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பென் டிரைவ். போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர் கல்யாணப் படங்களை பென் டிரைவில் ஏற்றினார். காப்பி ஆகும் கோடு சரசரவென்று ஓடி முடிந்தது. உருவி மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுத்துவிட்டார். அவர்கள் வீட்டில் திறந்து பார்த்தால் பல படங்களில் பாதிதான் இருக்கிறது. தாலி கட்டும் படத்தில் மேலே முகங்கள், கீழே முழுக்கச் சாம்பல் நிறம். மூலப்படங்கள் ஸ்டூடியோவில் இருந்ததால் தப்பித்தார். நடந்தது இதுதான்: லினக்ஸ் நாம் கொடுக்கும் கோப்பை முதலில் ராமில் வாங்கி வைத்துக்கொள்ளும், அப்புறம் மெதுவாக பென் டிரைவில் எழுதும். கோடு முடிந்துவிட்டது என்றாலும் எழுத்து முடிந்திருக்காது. ஃபைல் மேனேஜரில் பென் டிரைவ் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எஜெக்ட் குறியை அழுத்துங்கள். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன், உருவாதே என்று அறிவிப்பு வந்தால் காத்திருங்கள். பாதுகாப்பாக எடுக்கலாம் என்று வந்த பிறகு எடுங்கள். பெரிய கோப்பு என்றால் சில நிமிடம் கூட ஆகும். ஆகட்டும்.

இன்னொன்று, 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு பென் டிரைவில் ஏற மறுத்தால் லினக்ஸைக் குறை சொல்லாதீர்கள். அந்த டிரைவ் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கும், அது அவ்வளவு பெரிய கோப்பை ஏற்காது. உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்தால் போதும்.

அடுத்து டைம்ஷிப்ட், அதாவது சிஸ்டத்தின் நிலையை நகலெடுத்து வைக்கும் கருவி. மின்ட்டை நிறுவியதும் வரவேற்புத் திரையே இதைப் போடச் சொல்லும். போட வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் இது எதைக் காப்பாற்றும் என்று தெரிந்து போடுங்கள். முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு பெண்ணின் டிஸ்க் செத்துப்போனது. "டைம்ஷிப்ட் போட்டிருக்கேன் சார், வெளி ஹார்ட் டிஸ்க்லதான் இருக்கு, அதுலேர்ந்து எடுத்துக் குடுங்க" என்று தைரியமாகத்தான் வந்தார். திறந்து பார்த்தால் சிஸ்டம் கோப்புகள் எல்லாம் பத்திரம். அவருடைய சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டர் அதில் இல்லை. டைம்ஷிப்ட் இயல்பாகவே ஹோம் ஃபோல்டரை விட்டுவிடும். அப்டேட் ஏதாவது கோளாறு ஆனால் சிஸ்டத்தை நேற்றைய நிலைக்குத் திருப்புவதற்கான கருவி அது. நெறியாளருக்கு மெயிலில் அனுப்பியிருந்த மூன்று இயல்கள் கிடைத்தன. மற்ற இரண்டை அவர் மறுபடி எழுதினார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே இரண்டும் வேண்டும். சிஸ்டத்துக்கு டைம்ஷிப்ட். சொந்தக் கோப்புகளுக்கு மின்ட்டிலேயே இருக்கும் பேக்கப் டூல், உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகை என்றால் டேஜா டூப். சொந்தக் கோப்புகளின் நகல் வேறொரு டிஸ்க்கில் இருக்கட்டும். டைம்ஷிப்ட் நகல்களின் எண்ணிக்கையையும் இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். சின்ன எஸ்எஸ்டியில் அவை சேர்ந்துகொண்டே போய் இடம் அடைத்து, ஒருநாள் உள்ளே நுழையவே விடாது.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் திரையைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் அது கேட்கும் கேள்வியைப் படிக்காமல் ஒய் (Y, அதாவது சரி) அழுத்தாதீர்கள். ஒரு கல்லூரி மாணவர் லேப் பயிற்சிக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியின் புதிய பதிப்பு வேண்டுமென்று, ஏதோ வீடியோவைப் பார்த்து, பழைய பைத்தானை நீக்கும் கட்டளையை சூடோ (முழு அதிகாரம் தரும் சொல்) போட்டு ஓட்டியிருக்கிறார். மின்ட்டிலும் உபுண்டுவிலும் டெஸ்க்டாப்பின் பல பகுதிகள் அந்தப் பைத்தானை நம்பித்தான் நிற்கின்றன. எதையெல்லாம் சேர்த்து நீக்கப் போகிறேன் என்று திரை நிறையப் பட்டியல் வந்திருக்கிறது. தம்பி அதைப் படிக்கவில்லை. மறுநாள் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் லாகின் கேட்கும் ஒற்றை வரி. நெட் கேபிளை மாட்டி டெஸ்க்டாப் தொகுப்பை மறுபடி நிறுவிச் சரிசெய்தேன். ஒன்றை நீக்கச் சொன்னால் நூறு பெயர் வருகிறது என்றால் அங்கேயே N (வேண்டாம்) விசையை அழுத்தி வெளியே வந்துவிடுங்கள். புதிய பைத்தானைப் பழையதன் பக்கத்திலேயே தனியாக வைத்துக்கொள்ள வழி இருக்கிறது.

தமிழ் தட்டச்சு பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அமைப்புகளில் இன்புட் மெத்தட் பகுதிக்குப் போய்த் தமிழுக்கான ஆதரவை நிறுவி, ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக்அவுட் செய்து வாருங்கள். பிறகு ஐபஸ் விருப்பங்களில் எம்17என் என்ற தொகுப்பு வழியாக வரும் தமிழ்99 விசைப்பலகை முறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கீபோர்டு லேஅவுட் பட்டியலிலும் தமிழ்நெட் 99 என்று ஒன்று இருக்கும். அதை விட ஐபஸ் வழியே நல்லது. இதில் அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகள் போதும். நடுவில் வரும் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். பழைய தட்டச்சு மெஷினில் பழகியவர்களுக்கு அதே பட்டியலில் டைப்ரைட்டர் முறையும் உண்டு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். கீபோர்டைப் பார்க்காமல் ஒரு முழுப் பத்தி அடித்துவிட்டு, "கை மறக்கல பாருங்க" என்றார்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்புகள் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பதற வேண்டாம். அந்த எழுத்துருக் கோப்பை நிறுவினால் தமிழ் வந்துவிடும். நேரம் கிடைக்கும்போது யூனிகோடுக்கு மாற்றிவையுங்கள்.

விண்டோஸையும் பக்கத்தில் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் கடிகாரம் சரியாக 5.30 மணி நேரம் பின்தங்கிக் காட்டலாம். காலை 10 மணிக்கு 4.30 என்று காட்டும். பேட்டரி போய்விட்டது என்று மாற்றிவிடாதீர்கள். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. லினக்ஸை உள்ளூர் நேரம் வைக்கச் சொல்லும் ஒற்றைக் கட்டளையில் சரியாகிவிடும்.

நிறுவும் கோப்பை அதிகாரப்பூர்வத் தளத்தில் இறக்கினாலும் ஷா256 எண்ணை (கோப்பை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டுப் பாருங்கள். 2016 பிப்ரவரியில் மின்ட்டின் தளத்திலேயே ஊடுருவி, 17.3 சின்னமன் பதிப்புக்கான இணைப்பைத் திருட்டு வாசல் வைத்த கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். 

எல்லோருக்கும் நான் லினக்ஸ் போடுவதில்லை. டேலியில் கணக்கு எழுதுபவரும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி ரிட்டர்ன் தாக்கல் செய்பவரும் விண்டோஸில் இருப்பதே நல்லது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். மற்றவர்களை நிறுவும் முன்பே லைவ் பென் டிரைவில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்கும் பென் டிரைவ்) கால்மணி நேரம் கடையில் உட்கார வைப்பேன். வைஃபை, சத்தம், கேமரா எல்லாம் வேலை செய்கிறதா என்று அவர்களே பார்க்க வேண்டும். வீட்டு பிரின்டரையும் எடுத்துவரச் சொல்லி ஒரு பக்கம் அச்சடித்துப் பார்ப்போம். கடைசியாக லேப்டாப்பை மூடச் சொல்வேன். ஒரு நிமிடம் கழித்துத் திறந்தால் திரை பழையபடி எழுந்து வருகிறதா? வந்தால்தான் நிறுவும் பட்டனை அழுத்துவேன்.